கடம்பூருக்குக் கொழும்பு எவ்வளவு தூரம்?

கடம்பூரிலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு நேர்கோடு போட்டால் சுமார் 510 கிலோமீட்டர். அதே ஊரிலிருந்து கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குக் கோடு போட்டால் சுமார் 300 கிலோமீட்டர்தான். கோவில்பட்டிக்கும் மணியாச்சிக்கும் நடுவே, கரிசல் காட்டில் கிடக்கும் இந்தச் சிற்றூருக்குச் சொந்த மாநிலத்தின் தலைநகரைவிட அயல்நாட்டுப் பெருநகரம் கிட்டத்தில் இருக்கிறது.

இன்று கடம்பூரில் ஒருவரை நிறுத்திச் சென்னை பக்கமா, கொழும்பு பக்கமா என்று கேட்டால் யோசிக்காமல் சென்னை என்பார். அவர் சொல்வதும் சரிதான். ஆனால் 1900-இல் அவருடைய முப்பாட்டனிடம் கேட்டிருந்தால் அவ்வளவு சுலபமாகப் பதில் வந்திருக்காது. அன்றைக்குக் கடம்பூர் ஸ்டேஷனில் வண்டி ஏறியவருக்குச் சென்னையும் கொழும்பும் ஏறத்தாழ ஒரே கால தூரத்தில் இருந்தன. வடக்கே போனால் ஒரு பகலும் ஓர் இரவும் ரயில். தெற்கே போனால் கொஞ்சம் ரயில், ஓர் இரவு கப்பல். நூற்றியிருபத்தைந்து வருஷத்தில் நிலமும் கடலும் நகரவில்லை. வழிகள் திறந்தன, மூடின, திசை மாறின. அந்த மாற்றங்களின் கதையைக் கடம்பூரில் நின்று பார்த்தால் நன்றாகத் தெரிகிறது.

முதலில் அந்த 300 கிலோமீட்டர் எப்படிக் கிடைக்கிறது என்று பார்க்கலாம்.

பூமி உருண்டை என்பதால் இரண்டு ஊர்களுக்கு இடையிலான மிகக் குறுகிய வழி அதன் மேற்பரப்பில் வளைந்துதான் போகும். ஒரு பூசணிக்காயின் மேல் இரண்டு புள்ளி வைத்து நூலை இழுத்துப் பிடித்தால் நூல் எந்தத் தடத்தில் படிகிறதோ, அதுதான் அந்த வழி. பெருவட்டப் பாதை என்று இதைச் சொல்வார்கள். இரண்டு ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொண்டு அவற்றுக்கு இடையே பூமியின் மையத்தில் உண்டாகும் கோணத்தைக் கணக்கிடுவார்கள். ஒரு பாகைக்கு 60 கடல் மைல். ஒரு கடல் மைலுக்கு 1.852 கிலோமீட்டர். மதுரைக்கும் சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்துக்கும் இடையே கோணம் சுமார் 27.1 பாகை. அறுபதால் பெருக்கினால் 1,626 கடல் மைல், அதாவது 3,010 கிலோமீட்டர் சொச்சம். விமான நிறுவனங்கள் எரிபொருளுக்கும் நேரத்துக்கும் போடும் கணக்கின் அடிப்படை இதுதான்.

இந்தக் கணக்குக்குப் பூமியின் அளவு தெரிய வேண்டும். அதை அளந்த மகத்தான முயற்சிகளில் ஒன்று திருநெல்வேலிச் சீமை வழியாகவே நடந்தது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலப் படை அதிகாரி சென்னை பரங்கிமலைப் பக்கம் எஃகுச் சங்கிலியைத் தரையில் போட்டு ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை அளந்தார். அங்கிருந்து முக்கோணத்தோடு முக்கோணமாகப் பின்னிக்கொண்டு தென்னிந்தியாவை அளக்கத் தொடங்கினார். அவர் கொண்டுபோன கோணமானி அரை டன் எடை. 1808-இல் தஞ்சையில் அதைக் கோபுரத்தின் மேல் ஏற்றும்போது மோதிச் சேதமடைந்தது. சரிசெய்துகொண்டு தெற்கே வந்தார். பாளையங்கோட்டைப் பக்கம் இன்னோர் அடிக்கோட்டை அளந்து தம் கணக்கைச் சரிபார்த்தார். குமரி முனைக்கு அருகே உள்ள புன்னையில் அவருடைய முக்கோணத் தொடரின் தென்கோடி அமைந்தது.

அந்தத் தொடரின் நடுநரம்பான பெரிய வில் கிட்டத்தட்ட 78-ஆம் பாகைத் தீர்க்கரேகையை ஒட்டி வடக்கே ஓடியது. கடம்பூர் இருப்பது 77.86 பாகையில், அந்த நரம்பின் பக்கத்திலேயே. லாம்டன் 1823-இல் வழியிலேயே, இங்கன்காட்டில் இறந்தார். வேலையைத் தொடர்ந்த ஜார்ஜ் எவரெஸ்ட் 1830-இல் பூமியின் நடுக்கோட்டு ஆரம் 6,377.276 கிலோமீட்டர் என்று கணக்கிட்டார். இன்று செயற்கைக்கோள்களும் விமானங்களும் பயன்படுத்தும் அளவு 6,378.137 கிலோமீட்டர். சங்கிலியும் கோணமானியும் வைத்துக்கொண்டு வெயிலில் அலைந்தவர்களின் கணக்கு ஒரு கிலோமீட்டர்கூடத் தவறவில்லை.

தூரத்தைத் துல்லியமாக அளந்தாகிவிட்டது. ஆனால் அந்தத் தூரத்தைக் கடக்கிற வேகம் அன்றைக்கும் மாட்டுவண்டியுடையதுதான்.

கரிசல் மண்ணுக்கு இரண்டு குணம். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பசைபோல ஒட்டும். சக்கரத்தின் ஆரக்காலில் அப்பி வண்டியை நகரவிடாது. இந்த மண்ணில் விளைந்த பருத்திதான் இங்கிலாந்துச் சந்தையில் ‘டின்னவெல்லி’ என்ற பெயரோடு விலைபோனது. 1861 முதல் 1865 வரை அமெரிக்க உள்நாட்டுப் போரால் அங்கிருந்து பருத்தி வராமல் போனபோது லங்காஷயர் ஆலைகள் இந்தியப் பருத்தியைத் தேடி ஓடிவந்தன. காட்டில் பறித்த பருத்தி பொதிப் பொதியாக வண்டியேறித் தூத்துக்குடி போனது. கடம்பூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். பாரவண்டிக்கு நல்ல பாதையில் இரண்டு இரவுப் பயணம். மழை பிடித்தால் கணக்கே கிடையாது. தூத்துக்குடியில் ஏற்றிய பொதி ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர மாதக்கணக்கில் ஆனது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் அந்தச் சுற்றில் பெரும்பகுதி ஒழிந்தது.

அடுத்த ஏழு ஆண்டில் ரயில் வந்தது. தென்னிந்திய ரயில்வே 1876-இல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு மீட்டர்கேஜ் பாதையைத் திறந்தது. விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி, குமாரபுரம், கடம்பூர், மணியாச்சி வழியாக, பருத்திக் காட்டின் நடுவே அந்தப் பாதை இறங்கியது. இரண்டு இரவு எடுத்த தூரம் சில மணி நேரமானது. மழை பெய்தாலும் வண்டி வந்தது.

அதே 1876-இல்தான் தாது வருஷப் பஞ்சமும் தொடங்கியது. வானம் பொய்த்த கரிசல் காட்டிலிருந்து பிழைப்புத் தேடிக் கிளம்பியவர்களுக்கு முன்னால் புதுத் தண்டவாளம் கிடந்தது. அது இட்டுச்சென்ற துறைமுகத்துக்கு அப்பால் இலங்கையின் தோட்டங்கள். பஞ்ச வருஷங்களில் அக்கரைக்குப் போனவர்களின் தொகை பெருகியது. கங்காணி ஊருக்கு வந்து ஆள் சேர்ப்பார், முன்பணம் கொடுப்பார், கூட்டிக்கொண்டு போவார். 1901-க்குப் பிறகு போகிறவர்களுக்குத் தோட்டத்தின் எண் பொறித்த தகர வில்லை கொடுக்கப்பட்டது. அதைக் கழுத்தில் கட்டிக்கொண்டால் அதுவே ரயிலுக்கும் கப்பலுக்கும் சீட்டு. அந்தப் பயணச் செலவும் கடைசியில் தொழிலாளியின் கணக்கில்தான் கடனாக ஏறிற்று. தூத்துக்குடிக்கு முன்னால் தட்டப்பாறையில் இலங்கை அரசு நடத்திய தடுப்பு முகாம் இருந்தது. பிளேக்கும் காலராவும் அக்கரைக்குப் போய்விடக் கூடாதென்று தோட்டத்துக்குப் போகிறவர்களை அங்கே நாள்கணக்கில் நிறுத்திவைத்தார்கள். முதல் வகுப்பில் வந்தவருக்குக் கொழும்பு ஓரிரவு. தகர வில்லையோடு வந்தவருக்கு அதே கொழும்பு ஒரு வாரத்துக்கும் மேல் தள்ளிப் போனது. பயண நேரம் எல்லாருக்கும் ஒன்றாக இருந்த காலமே கிடையாது.

சென்னை எழும்பூரிலிருந்து தூத்துக்குடிக்குப் போன மெயில் வண்டிக்குப் போட் மெயில் என்று பேர். 443 மைல், அதாவது 713 கிலோமீட்டரை அது 21 மணி 50 நிமிஷத்தில் ஓடியது. தூத்துக்குடியில் கடல் ஆழம் போதாததால் பெரிய கப்பல்கள் கரையிலிருந்து பல மைல் தள்ளி நங்கூரம் பாய்ச்சின. படகில் போய்த்தான் ஏற வேண்டும். மாலையில் கிளம்பிய கப்பல் மறுநாள் காலையில் கொழும்பு சேரும். கடம்பூர்க்காரருக்கு இந்த வழியில் பெரும்பங்கு மிச்சம். துறைமுகம் அவருக்கு ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டரில் இருந்தது. மத்தியானம் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் அடுத்த நாள் காலைப் பலகாரம் கொழும்பில். சென்னைக்கு அவருக்கு இருபது மணி நேர ரயில்.

அந்தக் காலத்தில் கடிகாரமே வேறு. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரயில்கள் சென்னை வானாய்வுக்கூடத்தின் நேரத்துக்கு ஓடின. தினமும் தந்திமூலம் அந்த நேரம் ஸ்டேஷன்களுக்குப் போனது. கடம்பூரில் சூரியன் உச்சிக்கு வருவது சென்னையைவிட ஏறக்குறைய பத்து நிமிஷம் தாமதமாக. ஆக, நிழலைப் பார்த்துப் பொழுது கணித்து ஸ்டேஷனுக்கு நடந்தவர் வண்டியைத் தவறவிட வழி இருந்தது. 1906 ஜனவரி 1 முதல் இந்தியத் திட்ட நேரம் வந்தது. இலங்கையும் அதே ஆண்டில் அதே நேரத்துக்கு மாறியது. அன்றைக்கு மணியாச்சிக் கடிகாரமும் கொழும்புக் கடிகாரமும் ஒன்றாயின.

அதே 1906-இல்தான் இந்தக் கடல்வழிக்காக ஒரு போர் மூண்டது. தூத்துக்குடி–கொழும்புப் பயணத்தைக் கையில் வைத்திருந்தது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி. ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ. சிதம்பரம் பிள்ளை அந்த ஆண்டு அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்கு, மூலதனம் பத்து லட்சம். ‘காலியா’, ‘லாவோ’ என்ற இரண்டு கப்பல்களை வாங்கிக் கொண்டுவந்தார். வெள்ளைக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. சுதேசிக் கம்பெனியும் குறைத்தது. இந்த ஓரிரவுக் கடல்வழி யார் கையில் இருக்கிறது என்பது அரசாங்கத்தையே அசைக்கிற கேள்வியாயிற்று. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார். 1911-க்குள் கம்பெனியும் கலைந்தது.

1911 ஜூன் 17 காலை. திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் கொடைக்கானலுக்குப் போகத் திருநெல்வேலியில் வண்டி ஏறி, 10.38-க்கு மணியாச்சி வந்து சேர்ந்தார். அங்கே காத்திருந்தது, கொழும்புப் பயணிகளோடு தூத்துக்குடியிலிருந்து 10.48-க்கு வரவேண்டிய போட் மெயிலுக்காக. அந்தப் பத்து நிமிஷத்தில்தான் வாஞ்சிநாதன் அவரைச் சுட்டார். மணியாச்சிக்கு அடுத்து வடக்கே வரும் பழைய ஸ்டேஷன் கடம்பூர். நாள் தவறாமல் கொழும்புத் தபாலோடும் பயணிகளோடும் அந்த வண்டி கடம்பூர் வழியே போய்க்கொண்டிருந்த காலம் அது.

மூன்றே ஆண்டுகளில் அந்த வண்டி வழி மாறியது. 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்தது. ரயில் தனுஷ்கோடி வரை போனது. அங்கிருந்து தலைமன்னாருக்குச் சின்னக் கடல்வழி. அக்கரையில் கொழும்புக்கு ரயில். போட் மெயில் தூத்துக்குடியைக் கைவிட்டு மானாமதுரை, ராமநாதபுரம் பக்கம் திரும்பியது. சென்னைக்காரருக்கு இது லாபம். கடம்பூர்க்காரருக்குத் தென்கிழக்கே இருந்த வாசல் வடகிழக்கே போயிற்று. தூத்துக்குடிக் கப்பல் அதோடு நின்றுவிடவில்லை என்றாலும், பிரதான வழி என்ற பெருமை அதைவிட்டுப் போனது.

ஆகாய வழி அதற்குப் பிறகு இருபது ஆண்டுக்குள் திறந்தது. 1929 மார்ச் இறுதியில் இம்பீரியல் ஏர்வேஸ் லண்டனிலிருந்து கராச்சிக்குத் தபால் சேவையைத் தொடங்கியது. நடுவில் ஸ்விட்சர்லாந்தின் பாசலிலிருந்து இத்தாலியின் ஜெனோவா வரை ரயில், பிறகு மத்தியதரைக் கடலுக்குக் கடல் விமானம் என்று மாறி மாறி ஏழு நாள். 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்குப் பஸ் மாத் என்ற சின்ன விமானத்தில் தபால் கொண்டுவந்தார். பம்பாயிலிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குப் பறந்தார். 1935-இல் பம்பாய்–திருவனந்தபுரம் சேவை வந்தது. அதே ஆண்டு நவம்பர் 27 அன்று கொழும்புக்குத் தெற்கே ரத்மலானையில் புது விமானத் தளத்தில் முதல் விமானம் இறங்கியது. அதை ஓட்டிவந்தவர் மெட்ராஸ் ஃபிளையிங் கிளப்பின் தலைமைப் பயிற்சியாளர் டிண்டேல் பிஸ்கோ. 1938-இல் டாடாவின் தபால் விமானம் சென்னை, திருச்சி வழியாகக் கொழும்பு வரை நீண்டது. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோனின் முதல் விமானம் ரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது.

இந்தத் தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் வானத்து வழிகள் தங்கிய ஊர்கள் தெரிகின்றன: பம்பாய், சென்னை, திருச்சி, திருவனந்தபுரம், கொழும்பு. கரிசல் பூமி அவற்றுக்கு நடுவே, விமானம் கடந்துபோகிற நிலமாக இருந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஓடுதளம் ஒன்று கடம்பூருக்குப் பக்கத்துக் கயத்தாற்றில் உண்டு. போர் முடிந்ததும் அது கைவிடப்பட்டது. கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கயத்தாறு இன்று காற்றாலைகளுக்கும், அவற்றைச் சோதிக்கும் நிலையத்துக்கும் பேர்போன ஊர்.

கொழும்பைவிடத் தூரமான ஊர்களுக்கும் கரிசல்காரர் போனார்கள். கடம்பூருக்கு அடுத்த குமாரபுரம் ஸ்டேஷனைத் தமிழ்ச் சிறுகதையில் நிலைநிறுத்தியவர் இடைசெவல் கு. அழகிரிசாமி. அவர் 1953-இல் கோலாலம்பூர் போய்த் ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் வேலை பார்த்து 1957-இல் திரும்பினார். அவர் காலத்து மலேயாப் பயணம் என்றால் கப்பல்தான். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆள் ஏற்றிக்கொண்டு பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று போய்வந்த ‘ராஜுலா’ 1926-இல் கட்டப்பட்ட கப்பல். 1970-களின் தொடக்கம்வரை ஓடியது. கடலில் ஏறக்குறைய ஒரு வாரம். கரிசல் காட்டிலிருந்து நாகப்பட்டினம் போகிற நேரம் தனி. அதற்குப் பின் வந்த ‘எம்.வி. சிதம்பரம்’ 1985 பிப்ரவரியில் தீப்பிடித்ததோடு அந்த வழியில் பயணிகள் கப்பலின் காலமும் முடிந்தது.

அதற்குள் விமானம் அந்த இடத்தைப் பிடித்திருந்தது. 1954-இல் ஏர் இந்தியா இன்டர்நேஷனல் சென்னை வழியாகச் சிங்கப்பூருக்குப் பறக்கத் தொடங்கியது. சென்னை–சிங்கப்பூர் பெருவட்டத் தூரம் சுமார் 2,920 கிலோமீட்டர். மணிக்கு 500 கிலோமீட்டர் போகும் அன்றைய நான்கு எஞ்சின் விமானத்துக்கு ஆறேழு மணி நேரம். இன்றைய ஜெட் மணிக்கு 850 கிலோமீட்டர் வாக்கில் போகிறது. தூரத்தை அந்த வேகத்தால் வகுத்து, ஓடுதளத்தில் ஊர்வதற்கும் ஏறி இறங்குவதற்கும் அரை மணி நேரம் கூட்டினால் அனேகமாகச் சரியாக வரும். மதுரை–சிங்கப்பூர் 3,010 கிலோமீட்டருக்கு நான்கு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல்.

டிக்கெட்டில் இருக்கும் நேரத்தைப் பார்த்துக் கழித்தால் இந்தக் கணக்கு இடிக்கும். சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். போகும்போது ஆறரை மணி நேரம் ஆனதுபோலவும், திரும்பும்போது ஒன்றரை மணியில் வந்துவிட்டதுபோலவும் தோன்றும். 1981 முடியும்வரை இந்த வித்தியாசம் இரண்டு மணி நேரம்தான். 1982 ஜனவரி 1 அன்று சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளியது.

இன்னொரு சிக்கல், விமானம் ஒருபோதும் பெருவட்டக் கோட்டிலேயே போவதில்லை. வகுத்துவைத்த வான்பாதைகள், மூடப்பட்ட வான்வெளிகள், புயல் மேகங்கள், இறங்கும் ஓடுதளத்தின் திசை எல்லாம் கோட்டை வளைக்கின்றன. சென்னை–லண்டன் கோடு சுமார் 8,230 கிலோமீட்டர். மேலடுக்கில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் வேகக்காற்றை எதிர்த்துப் போவதால் போகிற பயணம் வருகிற பயணத்தைவிட நீளும். ஏதாவதொரு நாடு தன் வானத்தை அடைத்துவிட்டால் சுற்றிப் போக வேண்டும். எரிபொருளும் கூடும், நேரமும் கூடும்.

இத்தனைக்கும் மேலே ஒரு கேள்வி இருக்கிறது: விமான நிலையம் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்?

கடம்பூருக்குக் கிட்டத்தில் இருப்பது தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலையம். நேர்கோட்டில் 35 கிலோமீட்டர். 1990-களின் தொடக்கத்தில் வாயுதூத் இங்கே கொஞ்ச காலம் பறந்துவிட்டு நின்றது. 2006-இல் ஏர் டெக்கான் வந்த பிறகுதான் சென்னை விமானம் நிலைத்தது. அன்றைய ஓடுதளத்தின் நீளம் 1,351 மீட்டர். விசிறி வைத்த ஏடிஆர் விமானத்துக்கு அது போதும். ஏர்பஸ் ஜெட்டுக்குப் போதாது. ஓடுதளத்தின் நீளம்தான் எந்த விமானம் வரலாம், எவ்வளவு தூரம் போகலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. பாரமும் எரிபொருளும் கூடக்கூட, எழும்புவதற்கு முன் ஓடும் தூரமும் கூடும். சூடு கூடினால் காற்று லேசாகி இன்னும் கூடும். தெக்கத்திச் சித்திரை வெயிலில் இது சின்ன விஷயம் அல்ல. ஓடுதளத்தை 3,115 மீட்டராக நீட்டி, புதிய முனையமும் கட்டி, 2025 ஜூலை 26 அன்று பிரதமர் திறந்துவைத்தார். ஏ321 வகை விமானம் இறங்க இனித் தடையில்லை. கோவில்பட்டிப் பக்கம் இருக்கிற தனியார் ஓடுதளத்தில் பைலட் பயிற்சிப் பள்ளி கொண்டுவரவும் தமிழக அரசின் டிட்கோ நிறுவனம் முயன்றுவருகிறது.

ஆனால் வாகைக்குளத்திலிருந்து வெளிநாட்டு விமானம் கிடையாது. கொழும்பு போகிற கடம்பூர்க்காரர் முதலில் வடக்கே, நேர்கோட்டில் கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர் மதுரைக்குப் போக வேண்டும். 2012 செப்டம்பரில் மதுரை–கொழும்பு விமானம் தொடங்கிய பிறகு கிடைத்த வசதி இது. அதற்கு முன்பு திருச்சி, திருவனந்தபுரம், இல்லையென்றால் சென்னை. தென்கிழக்கே இருக்கிற ஊருக்கு வடக்கே போய், அங்கிருந்து சுமார் 355 கிலோமீட்டர் திரும்பிப் பறக்க வேண்டும். சாலையில் இரண்டு மணி நேரம், விமான நிலையத்தில் மூன்று, வானத்தில் ஒன்று, அக்கரையில் வெளியே வர ஒன்று. ஏழு மணி நேரத்தில் வானத்தில் இருப்பது ஒரு மணி நேரம்தான். சிங்கப்பூருக்குக் கணக்குப் போட்டால் பத்து மணி நேரம். அதிலும் பாதிக்குமேல் தரையில்.

1900-ஆம் ஆண்டுப் பயணத்தோடு ஒப்பிட்டால் கொழும்பு பாதி நேரத்துக்கும் குறைவாகச் சுருங்கியிருக்கிறது. சென்னையோ வாகைக்குளத்திலிருந்து ஒன்றரை மணி நேரமாகிவிட்டது. நெல்லை வந்தே பாரத் 2023 செப்டம்பர் முதல் சென்னை–திருநெல்வேலி தூரத்தை எட்டு மணி நேரத்துக்குள் கடக்கிறது; மதுரைக்குத் தெற்கே போட் மெயில் ஓடிய அதே தடத்தில், கடம்பூரை நிற்காமல் தாண்டிப் போகிறது. இரண்டு ஊர்களும் ஒரே வேகத்தில் நெருங்கி வரவில்லை. ஒரு பக்கம் ரயில்பாதை அகலமாயிற்று, இரட்டைப் பாதை ஆயிற்று, விமானம் வந்தது. இன்னொரு பக்கம் 1948-க்குப் பிறகு பாஸ்போர்ட்டும் விசாவும் வந்தன; 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது; 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அக்கரைத் தோட்டங்களிலிருந்து 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது; 1980-களில் இலங்கையில் மூண்ட போர் ராமேசுவரம்–தலைமன்னார் கப்பலையும் நிறுத்தியது. பாட்டன் தகர வில்லையோடு போன வழியில் பேரப்பிள்ளைகள் அகதிச் சீட்டோடும் தாயகம் திரும்பியோர் அட்டையோடும் வந்தார்கள்.

வழியை மீண்டும் திறக்க முயற்சி நடக்காமலில்லை. 2011 ஜூன் 13 அன்று ‘ஸ்கோஷியா பிரின்ஸ்’ என்ற பயணிகள் கப்பல் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கிளம்பியது. பழைய போட் மெயில் காலத்தைப்போலவே ஓரிரவுப் பயணம். சில மாதங்களில் அது நின்றுபோனது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினம்–காங்கேசன்துறைப் படகுச் சேவை தொடங்கியது. சரக்குக்கு மட்டும் இந்த வழி ஒருநாளும் அடைபடவில்லை. தூத்துக்குடியின் கன்டெய்னர்கள் கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறி உலகத்துக்கெல்லாம் போய்க்கொண்டே இருக்கின்றன. கோவில்பட்டியின் கடலை மிட்டாய் 2020-இல் புவிசார் குறியீடு பெற்றது. அதுவும், கடம்பூரின் பேர்சொல்லும் போளியும் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகிறவர்களின் பெட்டிக்குள் இடம்பிடிக்கின்றன. அந்தப் பெட்டி பல வழிகள் மாறித்தான் போகிறது.

வாகைக்குளத்திலிருந்து கட்டுநாயக்க சுமார் 266 கிலோமீட்டர். ஏடிஆர் விமானத்துக்கே ஒரு மணி நேரம் போதும்; பழைய சிறிய ஓடுதளத்தில்கூட இது முடிகிற பயணம்தான். இப்போது 3,115 மீட்டர் ஓடுதளம் இருக்கிறது, புது முனையம் இருக்கிறது. இனி வேண்டியவை சுங்கம், குடிநுழைவுக் கவுன்ட்டர்கள், இரு அரசுகளின் அனுமதி, வாரத்துக்குச் சில நாளாவது பறக்கத் துணிகிற ஒரு நிறுவனம். இவை கிடைத்துவிட்டால் கடம்பூரில் விடிகாலையில் கிளம்புகிறவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் கொழும்பில் இருப்பார். அக்கரையில் உறவுக்காரர் உள்ள கரிசல் குடும்பங்களும், மிளகாய், உளுந்து, தீப்பெட்டி வியாபாரிகளும், கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம் வட்டாரமும் சேர்ந்து கேட்க வேண்டிய வழி இது.